கொடுத்தவன் தாகம்

தவித்த வாய்க்குத் தண்ணீர் கொடுப்பதில் தார்மிகக் கேள்வி எழுப்புவதே அற்பத்தனம் என்று சொல்லக்கூடும். தண்ணீர் வந்துவிட்டது, வாந்திபேதியில் குழந்தைகள் சாவது குறைந்தது, அதற்கு மேல் என்ன விசாரம்? எனக்கோ விசாரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கொடுத்த பொருள் நல்லது என்பதாலேயே கொடுத்த காரியம் முழுமையாகிவிடுமா?

1960களின் வறட்சியில் மகாராஷ்டிரத்தின் பாறை பூமியில் கிறித்தவ மிஷன்கள் துளைக்கும் யந்திரங்களைக் கொண்டுவந்து ஆழ்துளைக் கிணறுகள் போட்டன. அரசும் யுனிசெஃபும் இதே வேலையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டன. துளைகளின் மேல் உட்கார்ந்தவை வார்ப்பிரும்பு அடிபம்புகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு குடும்பம் தன் கொல்லையில் வைத்துக்கொள்ளும் பம்பின் நகல்கள். இங்கே ஓர் ஊரே விடியலிலிருந்து இருட்டும்வரை அந்தக் கைப்பிடியில் தொங்கிற்று. 1970களின் நடுவில் பார்த்தபோது பம்புகளில் பெரும்பகுதி பழுதாகிக் கிடந்தது.

இதை வெறும் யந்திரக் கோளாறு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கொடுப்பவன் தன் கொல்லையை நினைத்துக் கொடுத்திருக்கிறான். குடத்தோடு வரிசையில் நிற்பவளின் ஒரு நாளை நினைக்கவில்லை. திருத்தமும் அதே வட்டாரத்திலிருந்துதான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜால்னாவில் மிஷன் ஆட்கள் தொடங்கிய வேலை சோலாப்பூர்ப் பட்டறையில் செம்மைப்பட்டது. தேய்ந்துபோகும் பல கணுக்களுக்குப் பதில் ஒரே அச்சு, ஒரு சங்கிலி. அந்தப் பம்பை அடிப்படையாக வைத்து உருவாகி, கோவைப் பக்கம் சோதிக்கப்பட்டு, சென்னையில் உற்பத்தியானதுதான் இந்தியா மார்க் 2. கொடுத்துவிட்டுப் போகாமல் தங்கியிருந்தவர்களுக்குத்தான் உடைந்த இரும்பு பாடம் சொல்லிற்று.

ஆனால் உடையாத பம்பும் தொடாத இடம் ஒன்று உண்டு. அதே மகாராஷ்டிரத்தில், 1927இல், அம்பேத்கர் மஹாட்டின் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தாகத்திற்காக அல்ல. பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் திறந்தவை என்று பம்பாய் சட்டசபை 1923லேயே தீர்மானம் போட்டிருந்தது. அந்த உரிமையைக் கையில் ஏந்திக் காட்டினார். ஜாதி இந்துக்கள் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். இதற்குப் பிறகு, ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரிக்குத் தனியாக ஒரு பம்பு போட்டுக் கொடுக்கிறவனை எப்படிப் பார்ப்பது? அவன் தாகத்தைத் தீர்க்கிறான். கூடவே ஊர்க் கிணற்றின் மேல் இருந்த கேள்வியையும் தீர்த்துவைத்துவிடுகிறான். ஊருக்கு இது சௌகர்யம். அதற்காக, கிணறு திறக்கும்வரை குழந்தை தவிக்கட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. அப்படிச் சொல்லும் கொள்கையில் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

யோவான் சுவிசேஷத்தில் கிணற்றடியில் யேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் சமாரியரோடு புழங்காத காலம், அவளே திகைக்கிறாள். பேச்சு பிறகு ஜீவத் தண்ணீருக்குப் போகிறது. பிரசங்கங்கள் பெரும்பாலும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு முக்கியம், அவர் முதலில் கேட்டார் என்பது. கொடுக்க வல்லவன் வாங்குபவனாக நின்றான். வாங்கினால் தீட்டு என்று விதித்திருந்த கையிலிருந்து.

கிணறு வெட்டிக் கொடுக்கும் எந்தக் கருணையையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கத் தோன்றுகிறது. பம்படியில் அந்தப் பெண்ணின் குடத்திலிருந்து, ஊரார் பார்க்க, அவன் ஒரு வாய் வாங்கிக் குடித்தானா? குடித்திருந்தால் ஊர்க் கிணற்றின் கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் அவன் கொடுத்தது தண்ணீர் மட்டுமே.