எது முடியாது என்று யார் முடிவு செய்தது?

திருப்பூர் சாயப்பட்டறைகளில் நெடுங்காலம் ஒரு நம்பிக்கை இருந்தது. சாயம் போட்டால் கழிவுநீர் வரும். வந்தால் அது நொய்யல் ஆற்றுக்குத்தான் போகும். வேறு வழியே கிடையாது. இதை யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. தொழிலோடு சேர்ந்து வந்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. பருத்தித் துணி சாயத்தைப் பிடிக்க வேண்டுமானால் தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டியாக வேண்டும். சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிப்பக்கம் தள்ளுவது உப்புதான். வேலை முடிந்ததும் நிறம் துணியில் ஏறிவிடும். உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். கழிவுநீரின் நிறத்தை எடுப்பது அவ்வளவு சிரமமில்லை. கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. கண்ணுக்குத் தெளிந்து தெரியும் தண்ணீரே வயலைக் கெடுத்த கதை இது.

நொய்யலின் கீழ்ப்பகுதியில் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது, 1992-ல். சில ஆண்டுகளிலேயே அதில் தேங்கியது சாயக்கழிவு. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ, அந்த விவசாயிகளே இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறும் நிலமும் உப்பேறிய பிறகு அவர்கள் நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்படியும் நிறைவேறாததால், 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் நின்றன. ஊரே தவித்தது, வேலையில்லாமல் தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு மூட்டை கட்டினார்கள்.

அதன் பிறகு நடந்ததைத்தான் இன்று நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். முடியவே முடியாது என்றிருந்த வேலையை அதே ஊர் செய்து காட்டியது. சவ்வு வழியே கழிவுநீரை அழுத்திச் செலுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்தார்கள். மிஞ்சிய உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து மறுபடி சாயத் தொட்டிக்கே கொண்டுபோனார்கள். அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடத் தொடங்கின. இன்று கழிவுநீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நல்ல தண்ணீராக மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சுத்திகரிப்பில் மிஞ்சும் கலவை உப்பு மூட்டைகள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் புகார்களும் வருகின்றன. ஆனாலும் வேறு வழியே இல்லை என்ற பேச்சு முடிந்துபோனது.

இதே ஊரைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் ஒரு நூல் எழுதினார். காட்டு வேலையிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, பிறகு முதலாளியானவர்கள் இங்கே ஏராளம் என்பதும், தங்கள் உயர்வுக்கு அவர்கள் சொல்லும் காரணம் உழைப்பு என்பதும் அதில் வருகிறது. பாடுபட்டால் மேலே வரலாம் என்பதை மனதார நம்பினார்கள், வந்தார்கள். அத்தனை பேரைத் தூக்கிவிட்ட ஊரில்தான் ஆற்றைப் பற்றிய அந்த இன்னொரு நம்பிக்கையும் யாரும் தொடாமல் கிடந்தது. ஒன்று ஆளை வளர்த்தது. இன்னொன்று கண்ணை மறைத்தது.

ஏன் தொடாமல் கிடந்தது? அதன் செலவு ஆற்றில் இறங்கிப் போய், கீழே இருந்த வேறொருவர் வயலில் ஏறியது. நமக்குச் செலவு வைக்காத நம்பிக்கையை நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

சோதிக்காத நம்பிக்கை நம்மை எப்படிக் கட்டிப்போடுகிறது? வெளி உலகத்தின் சிறு மாதிரி ஒன்றை மனம் தனக்குள் வைத்துக்கொண்டு, அதில் ஒத்திகை பார்த்துத்தான் முடிவெடுக்கிறது என்று 1943-லேயே எழுதினார் உளவியலாளர் கென்னத் கிரெய்க். அந்த மாதிரியில் ஒரு வழி அடைபட்டிருந்தால், கால் அந்தப் பக்கம் போகவே போகாது. வெளியே வழி திறந்திருந்தாலும்தான்.

நம் வீட்டிலும் அப்படி அடைபட்ட வழிகள் உண்டு. “இவனுக்குப் படிப்பு ஏறாது, கம்பெனிக்கு அனுப்பிடலாம்” என்கிறார் அப்பா. சொன்னவருக்கு அன்றோடு ஒரு கவலை தீர்கிறது; பையன் அதற்கு ஆயுசு முழுக்க விலை கொடுக்கிறான். “கட்டிங் எல்லாம் ஆம்பளைங்க வேலைம்மா” என்கிறார் சூப்பர்வைசர். அதையும் அவர் சோதித்துப் பார்த்ததில்லை. நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் ‘எனக்கு வராது’ என்பதிலும் இதே வசதி இருக்கிறது. தோற்றுப் போகும் சங்கடம் இன்றைக்கு மிச்சம். அதன் செலவு பத்து வருடம் கழித்து நம் தலையிலேயே வந்து விழும்.

நம்பிக்கையை நம்பிக்கையால் மட்டும் மாற்றிவிட முடியாது. என்னால் முடியும் என்று கண்ணாடி முன்னால் நின்று நூறு முறை சொன்னாலும் கை பழகாது. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் ஒரு பெண் சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, ஆள் எழுந்துபோன ஓவர்லாக் மெஷினில் உட்கார்கிறாள். கட்டிங் வேஸ்ட் துண்டு இரண்டை வைத்து ஓட்டுகிறாள். தையல் கோணலாகப் போகிறது, நூல் அறுகிறது. பக்கத்து டெய்லர் அக்கா நூலைக் கோத்துக் கொடுத்து, “காலை மெதுவா அழுத்து கண்ணு” என்கிறாள். அடுத்த துண்டு கொஞ்சம் நேராக வருகிறது. தனக்கு மெஷின் வராது என்று அவள் நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை அசைத்தது அந்த வேஸ்ட் துண்டுதான். அந்த மெஷினைத் தொட விட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு. வழிவிட ஆளில்லாத இடத்தில் தளர்ந்து நிற்பவரைப் பார்த்து, உனக்கு மனசு போதவில்லை என்று குறை சொல்வது நியாயமாகாது.

சாயப்பட்டறைகள் தங்கள் நம்பிக்கையைச் சோதிக்க ஒரு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. அதற்குள் எத்தனையோ வயல்கள் போய்விட்டன. நமக்கு உத்தரவு எதுவும் வராது. வியாதியோ கடனோ பிள்ளையின் கோபமோ வந்து கதவைத் தட்டும். அப்போது காலம் கடந்திருக்கும்.

ஆகவே இன்று ஒரே ஒரு ‘முடியாது’வை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களைப் பற்றியோ உங்கள் பிள்ளையைப் பற்றியோ. இதைக் கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தேன்? இதை நம்புவதால் யார் விலை கொடுக்கிறார்கள்? இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பிறகு, கெட்டுப்போனாலும் நஷ்டமில்லாத அளவில், இன்று இரவுக்குள் ஒருமுறை செய்து பாருங்கள்.