பதினேழாவது பைட்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த புரோகிராம், மெமரி எங்கே செலவாகிறது என்று பார்க்க ப்ரொஃபைலரை மாட்டியதுமே க்ராஷ் ஆகிறது. "இந்த டூல் நமக்கு ஒத்துவராது, கழற்றிவிடுங்கள்" என்று ஒரு குரல் எழும். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பெரும்பாலும் அந்தக் கோளாறு முன்பே உள்ளே இருந்திருக்கும்.

கணக்குப் போடும் பகுதி ஃபோர்ட்ரானில், மற்றதெல்லாம் சி-யில், பல த்ரெட்கள் சேர்ந்து ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்ட்ரானில் ஒரு பெயரின் நீளம் தனியாகத் தெரிந்திருக்கும், முடிவுக்குறி கிடையாது. சி-க்கோ கடைசியில் ஒரு பூஜ்ய பைட் இருந்தே ஆக வேண்டும். 16 எழுத்துப் பெயர் ஒன்று சி பக்கம் வருகிறது. அங்கே 16 பைட் இடம் வாங்கி, பெயரை நகலெடுத்து, பூஜ்யத்தைப் பதினேழாவதாக வைத்துவிடுகிறார்கள்.

64 பிட் லினக்ஸில் வழக்கமான ஜிலிப்சி மாலாக், 16 பைட் கேட்டால் 24 கொடுக்கும். மிஞ்சிய எட்டில் தவறு வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். ஹீப் ப்ரொஃபைல் எடுப்பதற்காக அதற்குப் பதிலாக ஜெமாலாக்கை மாட்டினால், 16 கேட்ட இடத்தில் 16 மட்டுமே கிடைக்கும். பூஜ்யம் இப்போது பக்கத்து வீட்டில் போய் விழுகிறது. அங்கே வேறொரு த்ரெட்டின் பாயிண்டர் இருந்தால் அதில் ஒரு பைட் அழிந்து, முகவரி மாறிவிடும். அந்த த்ரெட் பிறகு எப்போதோ அதைத் தொடும்போதுதான் சாகும். ஸ்டாக் ட்ரேஸில் ஃபோர்ட்ரானும் இருக்காது, அந்தப் பெயரும் இருக்காது.

அதனால் செத்த இடத்தையே தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். அட்ரஸ் சானிடைசரோடு மறுபடி கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். அது ஒவ்வொரு மெமரித் துண்டைச் சுற்றியும் வேலி போடுவதால், பதினேழாவது பைட்டை எழுதிய வரியிலேயே நிறுத்திக் காட்டும். வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும், அவ்வளவுதான். சோர்ஸ் கைவசம் இல்லாத லைப்ரரி என்றால் வால்கிரைண்ட். அதற்கு மறு கம்பைல் தேவையில்லை. ஆனால் பல மடங்கு மெதுவாக ஓடும், த்ரெட்களையும் ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓடவிடும். த்ரெட்களின் முந்திப்பிந்தல் கோளாறுகள் அதில் மறைந்துபோகலாம். எல்லை தாண்டிய எழுத்து தப்பாது.

திருத்தம் என்னவோ நீளத்தோடு ஒன்றைக் கூட்டுவதுதான். ஆனால் அந்த ஒரு வரியோடு கடையைக் கட்டிவிடாமல், ஃபோர்ட்ரானிலிருந்து சி-க்குப் பெயர் போகும் எல்லா இடங்களையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ப்ரொஃபைலர் மாட்டியபடியே இருக்கட்டும்.