எண் பெற்ற இரும்பு

பழைய அயர்லாந்துக் கைத்துப்பாக்கியைக் கையில் எடுப்பவர் முதலில் அதன் அழகில்தான் மயங்குவார். டப்ளின் நகரத்து ரிக்பி பட்டறையில் பிறந்ததென்றால் சொல்லவே வேண்டாம். கைப்பிடி மரத்தில் நெருக்கமான செதுக்கல், இரும்பில் கொடியும் இலையுமாய் நுணுக்க வேலை, குழலின் மேல் செய்தவர் பெயரும் ஊரும். அந்த அழகோடு சற்றும் ஒட்டாமல், குழலிலோ விசையைச் சுற்றிய வளைவிலோ வேறொரு குறி இருக்கும்: ஓரிரு எழுத்துகள், பக்கத்தில் ஓர் எண். ஒன்று சாய்ந்து, ஒன்று இறங்கி, வரிசை தப்பி நிற்கும். அழகு வேலை உளியால் இழைத்தது. இந்தக் குறி சுத்தியலால் அடித்து இறக்கியது.

அது அரசின் குறி. அயர்லாந்தில் இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும் பதியப்பட வேண்டும், மாவட்டத்தின் எழுத்தும் வரிசை எண்ணும் அதன் உடலில் பொறிக்கப்பட வேண்டும் என்று அப்போது அயர்லாந்தையும் ஆண்ட லண்டன் நாடாளுமன்றம் 1843-இல் சட்டம் செய்தது. ஆயுதம் வைத்திருக்க நினைத்தவர் நீதிபதிகளின் முன் போய் உரிமம் கேட்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

சட்டத்தின் பின்னே இருந்தது பயம். 1695-லேயே கத்தோலிக்கர் ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்ட ஆட்சி அது. 1798-இல் அயர்லாந்தில் அதற்கு எதிராக எழுந்த கலகத்தின் நினைவும் ஆறவில்லை. 1843-இல் டேனியல் ஓ'கானல், அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் கூட்டினார். தாரா குன்றில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். அவர் வன்முறையை அடியோடு வெறுத்தவர். ஆனாலும் ஆண்டவர்களுக்கு உறக்கம் வரவில்லை. துப்பாக்கிகளுக்கு எண் அடிக்கத் தொடங்கினார்கள்.

இரண்டே ஆண்டில், 1845 இலையுதிர் காலத்தில், ஏழைகளுக்குச் சோறாக இருந்த உருளைக்கிழங்கின் வயல்கள் கருகின. பஞ்சமும் காய்ச்சலும் சேர்ந்து சுமார் பத்து லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின. ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். 1841-இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 லட்சமாகச் சுருங்கியது. ஸ்கிபரீன் ஊருக்கு அருகே அபிஸ்ட்ரூரி இடுகாட்டில் ஆயிரக்கணக்கான உடல்கள் பெயரில்லாமல் பொதுக் குழிகளில் கிடக்கின்றன. அடிப்பலகை திறந்துகொள்ளும் சவப்பெட்டிகள் அன்று இருந்தன. உடலைக் குழிக்குள் விட்டுவிட்டு, பெட்டி அடுத்தவரை ஏற்றிவரத் திரும்பிப் போகும்.

அந்தச் சாவுகளை எந்தப் பதிவேடு வாங்கிக்கொண்டது? இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு 1837-லேயே வந்துவிட்டது. அயர்லாந்து மக்கள் எல்லோருக்கும் அது வந்தது 1864-இல். துப்பாக்கிக்கு எண் கொடுத்து இருபத்தோரு ஆண்டு கழிந்த பிறகு! 1851 கணக்கெடுப்பில் மருத்துவர் வில்லியம் வைல்டு இறந்தவர்களைக் கணக்கிட அரும்பாடு பட்டார். வீடு வீடாக, யார் யார் செத்தார்கள் என்று பிழைத்தவர்களைக் கேட்டார்கள். குடும்பம் முழுதும் மாண்டுபோன வீட்டில் பதில் சொல்ல யார் இருந்தார்கள்? அந்தக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களும் 1922 ஜூனில் டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது பெரும்பாலும் சாம்பலாயின.

இரும்பு மட்டும் மிஞ்சியது. அந்தச் சட்டம் மடிந்து நெடுங்காலமாகிவிட்டது. இன்று பழம்பொருள் சேர்ப்பவர்கள் இந்தக் கோணல் எண்ணைக் கண்டால் மகிழ்கிறார்கள். இந்தத் துப்பாக்கி அந்த நாளில், அந்த மண்ணில் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அது சொல்லாமல் விட்டதும் என் காதில் விழுகிறது.

ஒரு பதிவேட்டைத் திறந்தால், அதில் என்ன இருக்கிறது என்பதோடு யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அதிகாரம் தான் அஞ்சுவதை உடனே எண்ணிவிடுகிறது. தான் காக்க வேண்டியதை எண்ணத்தான் அதற்குக் காலம் பிடிக்கிறது. மனிதர்கள் மீது அக்கறை உள்ள அரசு, ஆயுதத்துக்கு முன்னால் குழந்தையின் பெயரை எழுதும். பசித்துச் செத்தவனின் பெயரைக் கேட்டு எழுதும்.

அந்த எண்ணின் மீது விரலை வைத்தால் பள்ளம் இன்னும் தட்டுப்படுகிறது. அபிஸ்ட்ரூரியில் அந்தக் குழிகளின் மேல் புல் வளர்ந்திருக்கிறது.