பதினெட்டு என்னும் எல்லைக்கோடு

இந்தியாவில் ஒருவர் எந்த வயதில் பெரியவர் ஆகிறார் என்ற கேள்விக்குச் சட்டம் ஒற்றை விடை தருவதில்லை. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் மேஜர். அவர் சொத்தை விற்கலாம், ஒப்பந்தம் செய்யலாம். கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டி ஓட்ட 16 வயதிலேயே உரிமம் கிடைக்கும். வாக்களிக்க 18, ஆண் திருமணம் செய்ய 21, சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிட 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவர் பதவிக்கு 35. மது வாங்கும் வயதை மாநிலங்களே வகுக்கின்றன: தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23, டெல்லியில் 25. டாஸ்மாக் மதுக்கடைகளை நடத்தும் தமிழ்நாட்டு அரசைத் தேர்ந்தெடுக்கும் தகுதி 18 வயதில் வந்துவிடுகிறது. அந்தக் கடையில் ஒரு பாட்டில் வாங்க இன்னும் மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். இது வெறும் முரண்பாடுதானா, இதற்குள் ஒரு நியாயம் உண்டா என்பது முதிர்ச்சியையும் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் ஒருசேரத் தொடும் தத்துவக் கேள்வி.

சுதந்திரத்தை உரத்துப் பேசிய சிந்தனையாளர்களும் குழந்தைகளுக்கு விலக்கு வைத்தே பேசினார்கள். பிள்ளைகள்மீது பெற்றோருக்குள்ள அதிகாரம் தற்காலிகமானது, பகுத்தறிவு வளர்ந்ததும் அது முடிந்துவிடும் என்றார் ஜான் லாக். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவரின் செயலில் சமூகம் தலையிடக் கூடாது என்று 1859இல் வாதிட்ட ஜான் ஸ்டூவர்ட் மில், அந்தக் கொள்கை முதிர்ச்சி அடைந்தவர்களுக்கே பொருந்தும் என்று சொல்லி, அந்த வயது எதுவென்பதைச் சட்டத்திடம் விட்டுவிட்டார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பகுத்தறிவு ஒரு பிறந்தநாளில் வந்து சேர்வதில்லை. மணலை ஒவ்வொரு துகளாகச் சேர்க்கும்போது எந்தத் துகளில் அது குவியல் ஆகிறது என்று கிரேக்கத் தர்க்கவாதிகள் எழுப்பிய புதிர் இங்கும் பொருந்தும். 17 வயது 364 நாள் ஆனவருக்கும் 18 நிரம்பியவருக்கும் அறிவில் எந்த வேறுபாடும் இல்லை. உரிமையில் மட்டும் பெரிய வேறுபாடு.

இந்தப் புதிருக்குப் பழைய சட்ட மரபுகள் இருவகை விடை தேடின. ஒன்று, ஆளைச் சோதித்துப் பார்ப்பது. மற்றொன்று, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வயதை வகுப்பது. ரோமானியச் சட்ட அறிஞர்களிடையே இது நெடுங்கால விவாதம். பையன் பருவமடைந்ததை உடலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது சபீனியர் மரபு. 14 வயது நிரம்பினால் போதும் என்றது புரொகுலியர் மரபு. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் உடல் சோதனையைக் கண்ணியக் குறைவானது என ஒதுக்கி, ஆணுக்கு 14 என்று உறுதிசெய்தார். இஸ்லாமியச் சட்ட மரபு பருவமடைவதையும் விவேகத்தையும் பிரித்துப் பார்த்தது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம், அநாதைகள் மண வயதை எட்டும்வரை அவர்களைச் சோதித்து, பொறுப்புணர்வு தென்பட்டால் சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. சோதனை முடிவின்றி நீளக் கூடாது என்று கருதிய இமாம் அபூ ஹனீபா, 25 வயதானால் எப்படியும் சொத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். சோதனையை முதன்மையாகக் கொண்ட மரபுக்கும் இறுதியில் ஓர் எண் தேவைப்பட்டது.

சோதனை நேர்மையான வழியாகத் தோன்றும். தகுதியுள்ள 16 வயதுக்காரரை உள்ளே விடும், தகுதியற்ற 30 வயதுக்காரரை வெளியே நிறுத்தும். ஆனால் சோதிப்பவரின் கைக்கு அது பெரும் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் வாக்களிக்க வந்த கறுப்பின மக்களைத் தடுக்க எழுத்தறிவுத் தேர்வுகள் எப்படிப் பயன்பட்டன என்பது வரலாறு. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமே அவற்றுக்கு முடிவுகட்டத் தொடங்கியது. இந்திய அரசமைப்பு அந்தப் பாதையில் செல்லவில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 விழுக்காட்டை ஒட்டியே இருந்த நாட்டில், வயது ஒன்றையே பொது அளவுகோலாக வைத்து எல்லாருக்கும் வாக்குரிமை தரப்பட்டது. முதலில் 21 என்றிருந்த வரம்பு, 61ஆவது திருத்தத்தின் மூலம் 1989இல் 18 ஆனது.

வயது வரம்புக்கு இன்னொரு வலுவான நியாயமும் உண்டு. சாதி, இனம், பாலினம் ஆகியவற்றால் விலக்கப்பட்டவர் வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்டவராகவே இருப்பார். வயதால் விலக்கப்பட்டவரோ சில ஆண்டுகளில் அந்தக் கோட்டைக் கடந்துவிடுவார். ஒரு நாளை மட்டும் பார்த்தால் 17 வயதுக்காரருக்கும் 40 வயதுக்காரருக்கும் சமத்துவம் இல்லை. முழு ஆயுளைப் பார்த்தால் இருவருக்கும் ஒரே நடைமுறைதான். இந்த நியாயம் எல்லா வரம்பையும் காப்பாற்றாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று வகுப்பது அப்படிப்பட்டது. அங்கே கோட்டை நகர்த்துவது பாலினம். வயதுக்குரிய நியாயத்தை அதற்குக் கடன் கேட்க முடியாது.

கோடு தவறாக விழும் இடங்களில் சோதனை மீண்டும் தலைகாட்டுகிறது. 2012 டெல்லி கூட்டு வன்கொடுமை வழக்கில் குற்றவாளிகளுள் ஒருவர் 18 வயது நிரம்பாதவர். அதன்பின் எழுந்த கொந்தளிப்பில் 2015இல் புதிய சிறார் நீதிச் சட்டம் வந்தது. கொடிய குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையுள்ளவரின் மன, உடல் ஆற்றலையும் விளைவை உணரும் திறனையும் சிறார் நீதி வாரியம் மதிப்பிட்டு, அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வழிசெய்யலாம் என்கிறது அச்சட்டம். இதில் ஒரு சாய்வு இருக்கிறது: 16 வயதுக்காரரின் முதிர்ச்சி தண்டனைக்காக அளக்கப்படுகிறது, வாக்குரிமைக்காக அளக்கப்படுவதில்லை. பொறுப்பைச் சுமத்த முதிர்ந்தவர், உரிமை கேட்டால் சிறுவர் என்று ஒரே ஆளை இரண்டாகப் பார்ப்பது நியாயமாகாது.

பொறுப்பும் உரிமையும் சேர்ந்தே வர வேண்டும் என்ற வாதம் அமெரிக்காவில் அரசமைப்பையே மாற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் கட்டாய ராணுவச் சேர்ப்பின் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. வாக்களிக்கும் வயதோ பெரும்பாலான மாநிலங்களில் 21. போரிட வயதானவருக்கு வாக்களிக்க வயதாகவில்லையா என்ற கேள்வி வியட்நாம் போரின்போது வலுத்து, 1971இல் 26ஆவது திருத்தம் வந்தது. அதே தர்க்கத்தில் பல மாநிலங்கள் மது அருந்தும் வயதையும் குறைத்தன. இளைஞர்களின் சாலை விபத்துகள் கவலை தர, 21ஐ ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைக்கும் சட்டத்தை 1984இல் கூட்டாட்சி அரசு இயற்றியது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின. இந்தத் தடை குடியை மறைவிடங்களுக்குத் தள்ளி அளவுமீற வைக்கிறது என்று கூறி, விவாதத்தை மீண்டும் திறக்குமாறு 2008இல் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கேட்டனர்.

வாக்குக்கும் மதுவுக்கும் ஒரே வயது இருந்தாக வேண்டும் என்பதில்லை. அமைதியாக யோசித்து முடிவெடுக்கும் திறன் ஏறக்குறைய 16 வயதிலேயே பெரியவர்களை எட்டிவிடுகிறது. தோழர்கள் சூழ்ந்திருக்க, உணர்ச்சி பொங்கும் வேளையில் தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் அதற்குப் பின்பும் வளர்கிறது என்கிறார் உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க். வாக்குச்சாவடி முதல்வகைச் சூழல். மதுக்கடை இரண்டாவது வகை. ஆஸ்திரியா 2007இல் வாக்குரிமை வயதை 16 ஆக்கியதை இந்த வேறுபாடு தாங்கி நிற்கும். ஜப்பான் 2022 ஏப்ரலில் மேஜர் வயதை 20இலிருந்து 18 ஆக்கியபோதும் மதுவுக்கும் புகையிலைக்கும் 20ஐயே வைத்துக்கொண்டது. பீருக்கும் ஒயினுக்கும் 16, கடும் மதுவுக்கு 18 என்று ஜெர்மனி படிப்படியாகக் கொடுக்கிறது.

ஆனாலும் வேறுபாடு உண்டு என்பதே எந்த எண்ணையும் நியாயப்படுத்திவிடாது. குழந்தையின் நலனுக்காக அதன் விருப்பத்தை மறுக்கலாம். அதன் எதிர்காலம் திறந்திருக்க வேண்டும் என்று தத்துவ அறிஞர் ஜோயல் ஃபைன்பர்க் சொன்ன காரணம் அங்கே பொருந்தும். மேஜராகிவிட்ட 20 வயதுக்காரரிடம் உன் நலனுக்காகத் தடுக்கிறேன் என்று அரசு சொன்னால், மில்லின் கொள்கைப்படி அது வரம்பு மீறிய காவல். சாலையில் பிறருக்கு நேரும் ஆபத்தைக் காட்டினால் வாதம் நிற்கும். அப்போதும் அந்த ஆபத்து 24 வயதில் எவ்வளவு, 26 வயதில் எவ்வளவு என்று காட்டும் கடமை அரசுக்கு உண்டு. மணவாழ்வையும் கடனையும் ஒருவரை நம்பி ஒப்படைத்துவிட்டு, பீரை மட்டும் 25 வரை நிறுத்திவைக்கும் டெல்லியின் விதி அந்தக் கணக்கைக் காட்டக் கடமைப்பட்டது.

ஆக, வயது வரம்பு முதிர்ச்சியைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. ஒவ்வொருவரையும் நிறுத்தி எடைபோடும் அதிகாரத்தை யாருக்கும் தராமலிருக்கச் சமூகம் செய்துகொண்ட உடன்படிக்கை அது. உடன்படிக்கை என்பதால் அதைத் திருத்தலாம்; ஒவ்வொரு உரிமைக்கும் தனித்தனியே எழுதலாம். தவறு நேர்ந்தால் இழப்பு யாருக்கு, அந்தச் செயலுக்கு எவ்வகைத் திறன் வேண்டும், அதே வயதில் சுமத்தப்படும் பொறுப்புகளோடு அது ஒத்துப்போகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லும் எண் நியாயமான எண். விடை சொல்ல முடியாத வரம்பை வழக்கம் என்பதற்காக மட்டும் வைத்திருக்க வேண்டியதில்லை.