பச்சை எழுத்து

கம்போங் மேடானில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள மாமாக் கடையில் வைத்து ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, நீங்க போட்ட ஸ்டேட்டஸப் பாத்துதான் நானும் கணக்கு திறந்தேன். 3,200 வெள்ளி போச்சு. இப்ப என்ன செய்யுறது?"

அந்த ஸ்டேட்டஸில் நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட், அவ்வளவுதான். யூரோ-டாலர், பச்சை எழுத்தில் 184 டாலர் லாபம். கணக்கும் லாபமும் உண்மை. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் 600 டாலருக்கு மேல் விட்டிருந்தேன். அதை நான் போடவில்லை. யார்தான் போடுவார்?

பொய்யே சொல்லாமல் ஒருவரை ஏமாற்ற முடியுமா என்பதுதான் அன்றிலிருந்து என்னைக் குடையும் கேள்வி. வாய்மையைத் தீங்கு தராத சொல் என்கிறார் வள்ளுவர். நடந்ததை நடந்தபடி சொல்வது என்று சொல்லவில்லை. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது ஏதோ நழுவல் மாதிரி தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

கணக்கு எளிதானது. 1:500 லெவரேஜில் 200 டாலரை வைத்து ஒரு லட்சம் டாலர் அளவுக்கு வாங்கலாம். விலை வெறும் 0.2 விழுக்காடு எதிர்ப்பக்கம் போனால் 200 டாலரும் காலி. யூரோ சாதாரண நாளிலேயே அதைவிட அதிகம் ஆடும். எந்தப் பொறியாளனும் இப்படி ஒரு தூணைக் கட்டமாட்டான். ஆனால் நான் இதில் பணம் போட்டேன். 2018இல் ஐரோப்பியச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு, இவ்வகைச் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு நட்டத்தில் முடிகின்றன என்று சொல்லி, முக்கிய நாணயங்களுக்கு லெவரேஜை 30 மடங்கோடு நிறுத்தியது.

நம் ஊர்க் கதையும் உண்டு. 2017 ஏப்ரலில், மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய பினாங்கு ஜேஜேபிடிஆர், கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்று கைவிரித்தது. அதே ஆண்டு அரச விசாரணை ஆணையம், 1992 முதல் 1994 வரை பேங்க் நெகாராவே நாணயச் சந்தையில் 31.5 பில்லியன் ரிங்கிட் இழந்தது என்று கண்டறிந்தது. நாட்டின் மத்திய வங்கிக்கே அந்தக் கதி. நாங்கள் கைப்பேசியும் மூன்று யூடியூப் காணொளியும் வைத்துக்கொண்டு இறங்கினோம்.

இன்ஸ்டாகிராமில் வாடகைக் காருக்கு முன்னால் நின்று பேசுகிறவர்களைத் திட்டுவது சுலபம். பலருக்கு, சேர்த்துவிட்ட ஆள் செய்யும் ஒவ்வொரு வர்த்தகத்திலும் கமிஷன். அவன் ஜெயித்தாலும் தோற்றாலும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் நான் நல்லவன் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். யோசித்தால் எனக்கும் கூலி கிடைத்திருக்கிறது. "பரவால்லையே, எஞ்சினியரு கலக்குறாரு" என்று மாமா சொன்னாரே, அதுதான்.

அவனுக்கு 22 வயது, எச்சரிக்கையைப் பார்த்து டிக் போட்டவன், நான் கூப்பிடவே இல்லை. இதெல்லாம் சரிதான். ஆனால் அவன் நம்பியது சந்தையை இல்லை, தன் மாடியில் குடியிருக்கும் படித்த அண்ணனை. அந்த நம்பிக்கையில் பாதியை நான் வெட்டி எடுத்திருந்தேன்.

என் கணக்கின் முழு வரலாற்றையும் திறந்து அவனிடம் நீட்டினேன். கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தான். எல்லாம் சிவப்பு. பாதிப் பணம் தருகிறேன் என்றேன். "வேணாண்ணே. இத ஸ்டேட்டஸ்ல போடுங்க, போதும்" என்றான்.

இன்னும் போடவில்லை. அம்மா பார்ப்பார், ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள்.