கசிவு

கார் நின்ற இடத்தில், காலையில், பச்சையாக ஒரு வட்டம். உள்ளங்கை அகலம் இருக்கும். விரலால் தொட்டு முகர்ந்தேன். இனிப்பு வாடை. குளிரில் தண்ணீர் உறையாமலிருக்க ரேடியேட்டரில் கலக்கிற கிளைக்கால். ருசி தெரிந்து நக்குகிற நாயையும் பூனையையும் கொல்லக்கூடிய விஷம். மண்ணைப் போட்டுத் துடைத்துவிட்டு, அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்தேன். மறுநாள் அட்டையிலும் வட்டம்.

கார் 1973-ஆம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். நான் இப்போது வசிக்கும் இதே கவன்ட்ரி நகரில், கான்லி ஆலையில் செய்தது. 1962-இல் வந்து 1980-இல் நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேருக்குத்தான் இடம். மைக்கெலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடம்பு. அடியில் இருப்பது ஹெரால்ட் காரின் சட்டகம், நீளத்தைக் குறைத்தது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று செய்தார்கள். ஆக இது எனக்கு அந்நிய வண்டி அல்ல. பெரியப்பா மகன் மாதிரி. நான் இதை வாங்கியதற்குக் காரணம் ரசனை என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். கடன் என்று சொல்வதுதான் சரி.

இந்த வண்டியின் முன்பக்கம் முழுதுமே ஒரே மூடியாக முன்னால் சாயும். திறந்துவிட்டு முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இப்படித் தன்னை ஒளிக்காமல் காட்டும் இஞ்சினை இன்றைய கார்களில் பார்ப்பது அரிது. பக்கத்து வீட்டுக் கிழவர் – கான்லி ஆலையில் வேலை பார்த்தவர் – டார்ச்சோடு வந்து எட்டிப் பார்த்தார். ரப்பர் குழாய்களையோ ரேடியேட்டரையோ அவர் தொடவில்லை. நேராகத் தண்ணீர் பம்ப்பின் அடி வயிற்றில் விரலை வைத்து, ஈரத்தைக் காட்டினார்.

“பம்ப் அழுகிறது. நல்ல பம்ப்” என்றார்.

அவர் சொன்ன விஷயம் இது. பம்ப்பின் தண்டு ஒரு பேரிங்கில் சுழல்கிறது. தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் தடுக்க நடுவில் ஒரு ஸீல். ஸீல் என்றைக்காவது தேயும் என்பது செய்தவனுக்குத் தெரியும். அதனால் ஸீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, கீழ்ப்புறமாக, ஒரு சிறு துளையை வேண்டுமென்றே விட்டிருக்கிறான். ஸீல் போனதும் தண்ணீர் அந்தத் துளை வழியே வெளியே சொட்டும், பேரிங் பிழைத்திருக்கும், சொந்தக்காரன் பார்ப்பான். இதற்கு ஆங்கிலத்தில் அழுகைத் துளை என்றே பெயர். விவரம் புரியாத சிலர், ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடுவதுண்டாம். அப்போது தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவி, பேரிங்கை அரித்து, பம்ப் ஒருநாள் நடுவழியில் உடைகிறது.

நான் அன்று பகல் முழுவதும் அந்தத் துளையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். தன் தோல்வியைத் தானே வெளியே சொல்லும்படி ஒரு பொருளைச் செய்வது வெறும் பொறியியல் அல்ல. அதில் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. எத்தனை சிந்தனை முறைகளில், எத்தனை விமர்சன அளவுகோல்களில் இப்படி ஒரு துளை விடப்பட்டிருக்கிறது? நம் சிறுபத்திரிகைகளையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

கடைகளில் ஒரு சின்ன பாட்டில் கிடைக்கிறது. ரேடியேட்டரில் ஊற்றினால் போதும், கசிவு நின்றுவிடும் என்கிறார்கள். எனக்கு அந்த பாட்டிலைப் பார்த்ததுமே மஞ்சள் பொடி ஞாபகம் வந்தது.

1979-இல் சென்னையில் எங்கள் வீட்டு ஹெரால்டை விற்க வேண்டியிருந்தது. அப்பாவின் வைத்தியச் செலவு. ரேடியேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் பொடியைப் போடுவது நம்மூரில் லாரிக்காரர்கள் அறிந்த வைத்தியம். பொடி ஊறிப் பருத்து ஓட்டையை அடைக்கும். பட்டறை வரை போய்ச் சேருவதற்கு அது நியாயமான உபாயம்தான். நான் பட்டறைக்குப் போகவில்லை. இரண்டு பிடி போட்டேன், கசிவு நின்றது, வண்டியைக் கழுவித் துடைத்துச் செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு விற்றேன். பொடிக்கு எது ஓட்டை, எது வழி என்று தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில், மதுராந்தகம் தாண்டி, குடும்பத்தோடு போகும்போது இஞ்சின் கொதித்துப் பிடித்துக்கொண்டது. அவர் எனக்கு ஒரு கார்டு எழுதினார். குற்றச்சாட்டு ஒரு வரிகூட இல்லை. “தாங்கள் வழக்கமாகக் காட்டும் மெக்கானிக் யார் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.” அவ்வளவுதான். நான் பதில் போடவில்லை.

நான் சொல்லியது பொய் அல்ல என்று வெகுகாலம் வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் ஒழுகுகிறதா என்று கேட்கவில்லை. நானும் ஒழுகவில்லை என்று சொல்லவில்லை. வார்த்தையில் பொய் இல்லை. ஆனால் வண்டி சொல்லிக்கொண்டிருந்ததை நான் நிறுத்தினேன். பொய் சொல்வதைவிட இது சின்னக் குற்றம் என்று இன்று எனக்குப் படவில்லை.

அதனால் பாட்டில் வேண்டாம், புது பம்ப் போடுவது என்று முடிவாயிற்று. இதில் சிக்கல் ஏதுமில்லை. போனதைப் போனபடி மாற்றுவது. சிக்கல், பம்ப் வாங்கப் புரட்டிய விலைப்பட்டியலில் இருந்தது. எப்படியும் திறக்கிறாய், அலுமினிய ரேடியேட்டர் போடேன், மின்விசிறி போடேன், பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடேன், ஐந்து கியர் பெட்டியும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணமும் இருக்கிறது. இந்த வண்டியின் பழைய விசிறி இஞ்சினோடு பிணைந்தது, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுற்றிக்கொண்டே சக்தியைத் தின்னும்.

பழையதை மேம்படுத்தக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். 1849-இல் ரஸ்கின், பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதே ஒரு பொய் என்று எழுதினார். அவர் வழியில் வந்த வில்லியம் மோரிஸ் 1877-இல் அதற்காக ஒரு சங்கமே ஆரம்பித்தார். நம் கோயில் சிற்பங்களின் மேல் மணலைப் பீய்ச்சி மெருகேற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அவர்கள் கோபம் புரியும். ஆனால் கார் ஓட வேண்டும். ஓடாத காரின் புனிதத்தில் எனக்கு அக்கறை இல்லை. பிரேக்கை நல்லதாக மாற்றுகிறவனை நான் குறை சொல்லமாட்டேன். தெருவில் நடப்பவனுக்கு என் கலைப்பற்று ஒரு பொருட்டல்ல. சென்னையில் ஹெரால்டுக்கு நாலு கதவு வைத்தார்கள், இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்ட் வந்ததே இல்லை. பின் சீட்டில் ஏறத் திணறிய என் பாட்டியைப் பார்த்திருந்தால் மைக்கெலாட்டியே சம்மதித்திருப்பார்.

எத்தனை மாற்றினால் அது அது இல்லாமல் போகும் என்ற பழைய கேள்விக்கு இந்நாட்டு வாகனப் பதிவு அலுவலகம் நெடுங்காலம் ஒரு கணக்கு வைத்திருந்தது. அசல் சட்டகத்துக்கு 5 புள்ளி, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இஞ்சினுக்கு 1. சட்டகத்தோடு சேர்த்து 8 தேறினால் பழைய பதிவு எண் நிற்கும். இதயத்துக்கு ஒன்று, எலும்புக்கு ஐந்து! முதலில் சிரித்தேன். பிறகு குமாஸ்தா சொல்வதில் விஷயம் இருக்கிறது என்று தோன்றியது.

ஆனால் என் சஞ்சலம் அடையாளத்தைப் பற்றியதல்ல. ஆடன் தன் 1939-ஆம் வருஷத்துக் கவிதை ஒன்றில் பொய் இருப்பதாக உணர்ந்து, முதலில் ஒரு பத்தியை எடுத்துப் பார்த்தார். 1966-ஆம் வருஷத்துத் தொகுப்பிலிருந்து கவிதையையே விலக்கினார். அவர் செய்தது சரியா என்று இன்றும் சண்டை போடலாம், ஏனென்றால் பழைய அச்சு அலமாரியில் இருக்கிறது. காருக்கு முதல் பதிப்பு கிடையாது. நான் திருத்தினால் திருத்தியதுதான்.

கடைசியில் மின்விசிறியை மட்டும் போட்டேன். பழைய விசிறியை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். இப்போது நெரிசலில் நின்றாலும் சூட்டு முள் நடுவிலேயே நிற்கிறது. சந்தோஷம்தான். முன்பு ஒவ்வொரு சிக்னலிலும் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது பார்ப்பதை மறந்துவிட்டேன் என்பது ஒருநாள் உறைத்தது. பாயின்ட்டை மாற்றவில்லை. அது தேயும்போது இஞ்சின் முக்கும், இருமும். கறுப்புப் பெட்டி எதுவும் சொல்லாமல் ஒரு நாள் சாகும். கிழவர் இதைக் கேட்டுச் சிரித்தார்: “பாயின்ட்டைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் தேய்ந்தது. உனக்கு அது தத்துவமாக இருக்கிறது.” அவர் சொல்வதும் நியாயம். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விலாசம் மடிப்பில் கிழிந்துவிட்டது. எழுதியவர் அப்போதே ஐம்பதைக் கடந்தவர்.

புது பம்ப் தபாலில் வந்தது. பளபளவென்று கறுப்பு பெயிண்ட். திருப்பிப் பார்த்தேன், துளையின் வாயில் பெயிண்ட் படர்ந்து அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தித் திறந்து, ஊதிப் பார்த்துவிட்டு, பிறகு பூட்டினேன்.