மேடு என்பது யாருடைய பள்ளம்?

என் அம்மாவுக்கு 1978இல் திருமணமானது. எண்பதுகளின் நடுவில் தாத்தாவின் நிலத்தை மாமாக்கள் மூவரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். திண்ணையில் நிலஅளவையாளரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்திருக்க, அம்மா அடுப்படியில் அவர்களுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார். "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே" என்ற ஒரு வாக்கியத்தில் அவர் பாகம் முடிந்துவிட்டது. 1989இல் தமிழ்நாடு பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தது. ஆனால் அதற்கு முன்பே மணமாகிப் போன மகள்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. ஆனால் அதற்கு முன் முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை.

ஆகவே அம்மாவின் நிலம் பதினெட்டுச் சவரனாகப் பீரோவில் இருந்தது. 2018இல் அதை விற்று, என் சம்பளத்தின் மீது வங்கிக் கடனும் வாங்கி, பள்ளிக்கரணைக்குத் தெற்கே, பெரும்பாக்கம் பக்கம், தொள்ளாயிரம் சதுர அடி மனை வாங்கினோம். "பெட்டிக்குள்ள கெடக்குறதுக்கு மண்ணா இருக்கட்டும்டி. உன் பேருல இருக்கட்டும்" என்றார் அம்மா. பதிவு முடிந்த அன்று, படிக்கத் தெரிந்தும் படிக்காமல், பத்திரத்தில் என் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனையை எங்களுக்குக் காட்டியது பங்குனி மாதத்தில். கட்டாந்தரையாக வெடித்துக் கிடந்தது. மார்கழியில் யாரும் மனை காட்டுவதில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பள்ளிக்கரணை ராம்சார் தலத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், அதன் தாக்க மண்டலம் அறிவியல் முறையில் வரையறுக்கப்படும்வரை, கட்டுமான அனுமதி தரக்கூடாது என்றது அது. ஈரநிலத்தின் நீர்ப்பிடிப்பில் எந்தப் பகுதியில் நடக்கும் வேலைகள் அந்த நிலத்தைக் கெடுக்குமோ, அந்தப் பகுதியே தாக்க மண்டலம். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அனுமதிக்காகக் காத்திருந்த வரைபடங்கள் நின்றன. என்னுடையதும் நின்றது.

அடுத்த வாரமே எங்கள் பகுதி மனை உரிமையாளர்கள் ஒரு திருமண மண்டபத்தில் கூடினோம். பெரிய கட்டுமான நிறுவனக்காரர்கள் யாரும் அங்கே இல்லை. ஓய்வு பெற்ற செவிலியர், பள்ளி ஆசிரியர், வேன் ஓட்டுநர், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்காக வந்திருந்த தகப்பன் என்று எல்லோரும் மாதத் தவணை கட்டுகிறவர்கள். செவிலியரான அந்த அக்கா எழுந்து, "நாரைக்கும் பூநாரைக்கும் வக்கீல் இருக்காங்க. நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டபோது மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்தக் கைதட்டலை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம் இது. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது சுமார் 1,248 ஹெக்டேர்தான் கணக்கில் வந்தது. இடையில் அதைத் தின்றது என் தொள்ளாயிரம் சதுர அடி அல்ல. பெருங்குடியில் மாநகரமே பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டியது. மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள், ரயில் நிலையங்கள், சாலைகள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் எல்லாம் அதன் மேலும் ஓரத்திலும் எழுந்தன. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகு, கடைசியாக வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து இலையை மூடு என்றால் கோபம் வராதா?

வரும். கோபம் நியாயமாக இருப்பதால் கோரிக்கையும் நியாயமாகிவிடுமா என்பதே என்னை உறுத்தும் கேள்வி.

தடை வருவதற்கு முன்பு வீட்டு வேலைக்காக ஒரு மேஸ்திரியிடம் பேசியிருந்தேன். மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரோட்டுல இருந்து நாலடி ஏத்திடலாம் மேடம். அப்புறம் தண்ணி உங்களுக்கு வராது, பக்கத்து பிளாட்டுக்குப் போயிடும்" என்றார். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். ஈரநிலத்தில் வீடு கட்டுவதன் அறவியல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அங்கே மேடு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒருவர் மேடாக வேண்டுமென்றால் இன்னொருவர் பள்ளமாக வேண்டும். என் நாலடி மண்ணுக்கு அடியில் தங்கியிருக்க வேண்டிய தண்ணீர் அழிவதில்லை, யார் வீட்டுக்கோ முகவரி மாறிப் போகிறது.

நான் வேலை பார்ப்பது கிழக்குத் தாம்பரத்தில். எங்கள் கல்லூரி மைதானத்தில் பெய்கிற மழை சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளைத் தொட்டு, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைக்குத்தான் வருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரத்துக்கும் போகிறது. பெருமழை ஒரே இரவில் கடலுக்குப் போய்விட முடியாது. அது காத்திருக்க ஓர் இடம் வேண்டும். அந்தக் காத்திருப்பு அறைதான் சதுப்பு நிலம். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அவ்வளவு தண்ணீரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தை நாம் மனை மனையாக விற்றிருந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் அதையே பார்த்தோம்.

பெரும்பாக்கத்தில் அரசின் மறுகுடியமர்வுக் குடியிருப்பிலிருந்து என் வகுப்புக்கு ஒரு மாணவி வருகிறாள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பம். "ஆத்தங்கரையில இருந்தா ஆபத்துன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்கம்மா. கூட்டிட்டு வந்து ஏரிக்குள்ள வெச்சாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மிக்ஜாம் நாட்களில் மின்சாரம் இல்லை, மின்தூக்கி ஓடவில்லை. ஏழாவது மாடிக்குக் குடம் தூக்கியது அவளும் அவள் அம்மாவும். வீட்டு வேலைக்குப் போய்ச் சேர முடியாத நாட்களுக்கு அந்த அம்மாவுக்குச் சம்பளம் கிடையாது. மேஸ்திரி சொன்ன அந்தப் 'பக்கத்து பிளாட்' எது என்று எனக்கு அன்று புரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெண்ணும் நிலமும் ஒன்று, இரண்டும் தாய், இரண்டும் பொறுமை என்ற உவமையை நான் நம்புவதில்லை. அந்த உவமையால் நிலத்துக்கு ஒரு பயனும் விளையவில்லை. பெண்ணிடம் மேலும் பொறுமையைக் கேட்க மட்டுமே அது உதவியிருக்கிறது. சதுப்பு நிலம் என் தாய் அல்ல. அது தண்ணீர் தங்கும் இடம். என் தாய்க்கு நிலம் மறுக்கப்பட்டதையும் தண்ணீருக்கு நிலம் மறுக்கப்படுவதையும் ஒப்பிட எனக்கு உவமை தேவையில்லை, கணக்கு போதும். மாமாக்களின் பாகம் முழுசாக இருந்ததற்குக் காரணம் அம்மாவின் பாகம் இல்லாமல் போனது. அவர்கள் நின்ற மேடு அம்மாவின் பள்ளத்திலிருந்து எடுத்த மண். அந்தக் கணக்கைத் தவறு என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிக்கொண்டிருப்பவள், அதே கணக்கில் தன் வீட்டை மட்டும் எப்படி உயர்த்திக்கொள்வது?

'அப்படியென்றால் பெண்ணுக்குச் சொத்தே வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும். தன் பெயரில் நிலம் இருக்கும் பெண்ணை வீட்டைவிட்டுப் போ என்று சொல்வது கடினம். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. பத்து லட்சத்துக்குள் எங்கள் பக்கம் என்ன கிடைக்கும் என்று சிரிக்கலாம், ஆனால் சட்டம் போகும் திசை சரி. பெண் பெயரில் பத்திரம் என்பது பாதி வழிதான் என்கிறேன். மீதிப் பாதியை ஔவையாரிடம் படிக்கலாம்.

புறநானூற்றின் 187ஆம் பாடலில் ஔவையார் நிலத்தைப் பார்த்துப் பேசுகிறார். நாடோ காடோ, பள்ளமோ மேடோ, நீ எதுவாக இருந்தால் என்ன, உன் மேல் வாழும் ஆடவர் நல்லவரானால் நீயும் நல்லாய் என்பது அதன் கருத்து. பள்ளம் என்பதற்காக ஒரு நிலம் தாழ்ந்துவிடுவதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். நம் வருவாய்த் துறைப் பதிவேடுகளோ வரி தராத ஈரநிலங்களைப் புறம்போக்கு என்றும் தரிசு என்றும் எழுதிவைத்தன. இன்று புறம்போக்கு என்பது வசைச்சொல். அதிலும் யாருக்கும் கட்டுப்படாத பெண்ணை ஏச வசதியான சொல்.

அந்தப் பாடலை நடத்தும்போது, 'ஆடவர்' என்பதை மனிதர் என்று பொதுவாகக் கொள்ளலாம் என்று சொல்லிக் கடந்துவிடுவது என் வழக்கம். இந்த முறை அந்தப் பெரும்பாக்கத்து மாணவி விடவில்லை. "அப்ப பொண்ணுங்களாலே நிலம் நல்லதாவும் ஆகாதா, கெட்டதாவும் ஆகாதாம்மா?"

அன்று உடனே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நிலம் ஆடவர் கையில் இருந்த காலத்தில் அதன் நன்மை தீமைக்கு அவர்களே பொறுப்பு. இப்போது பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. உரிமையை வாங்கிக்கொண்டு பொறுப்பை 'ஆடவர்' கணக்கிலேயே விட்டுவைக்க முடியாது. பொறுப்பில்லாத உரிமை பெண்ணுக்குக் கிடைத்த சலுகையாக முடியுமே தவிர, விடுதலையாகாது.

பொறுப்பு என்றால் இழப்பையும் நானே சுமக்க வேண்டும் என்று பொருளல்ல. எங்கள் கோபம் வழி தவறுவது இங்கேதான். நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்பது உண்மை. ஏமாற்றப்பட்டவளுக்கு ஒரு கடன் வர வேண்டியிருக்கிறது. அந்தக் கடன் யாரிடமிருந்து வர வேண்டும்? மனைப்பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டவர்களிடமிருந்து, பங்குனியில் நிலம் காட்டி விற்றவர்களிடமிருந்து, நீரோட்டத்தைப் பார்க்காமல் கடன் கொடுத்தவர்களிடமிருந்து. சதுப்பு நிலம் எனக்கு எதுவும் விற்கவில்லை. அதனிடம் போய் 'எனக்கு வந்த நஷ்டத்துக்கு நீ கொஞ்சம் சுருங்கு' என்று கேட்பது, திருடனை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் பறிமுதல் செய்வதைப் போன்றது.

கூட்டத்தின் முடிவில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. ஒரு கிலோமீட்டரைக் குறைக்க வேண்டும் என்பது ஒற்றைக் கோரிக்கை. நான் கையெழுத்திடவில்லை. தூரம் கூடலாம், சில பக்கங்களில் குறையவும் செய்யலாம். அதைத் தண்ணீர் ஓடும் வழிதான் சொல்ல வேண்டும், எங்கள் தலைகளின் எண்ணிக்கை அல்ல. வேறொரு மனு எழுதினேன். தாக்க மண்டலத்தைக் காலம் குறித்து விரைவாக வரையறுத்து, சர்வே எண்களோடு தமிழில் வெளியிடுங்கள். கட்டக்கூடாத மனைக்கு மாற்று மனையோ, வட்டியோடு பணமோ கொடுங்கள். அதுவரை தவணையை நிறுத்துங்கள். சிறிய மனைக்குச் சொல்லும் விதியைப் பெரிய வளாகத்துக்கும் சொல்லுங்கள். சதுப்பு நிலத்தின் பெயரைச் சொல்லி, பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து வைத்தவர்களை இன்னொரு முறை பெயர்க்காதீர்கள். முடிவெடுக்கும் குழுவில் அந்தப் பெண்களையும் உட்கார வையுங்கள்.

அறிவில்லாத கோரிக்கை என்றார் ஒருவர். பறவைக் கட்சிக்குப் போய்விட்டாயா என்றார் இன்னொருவர். பள்ளிக்கரணையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து, அதற்காகப் பேசியவர் சூழலியலாளர் ஜெயஸ்ரீ வெங்கடேசன். 2025இல் ஈரநிலங்களின் அறிவார்ந்த பயன்பாட்டுக்கான ராம்சார் விருது பெற்றார், இந்தியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள். அவரும் இப்படி எத்தனை மண்டபங்களில் தனியாக நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் மனுவில் பதினோரு பேர் கையெழுத்திட்டார்கள். அதில் ஏழு பேர் பெண்கள். செவிலியர் அக்கா இன்னும் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார். அவர் யோசிக்கட்டும். அவர் போட்டிருப்பது முப்பது ஆண்டு இரவுப்பணியின் பணம். அதை விட்டுக்கொடு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. யாரிடம் திருப்பிக் கேட்பது என்பதை மட்டும் சேர்ந்து தீர்மானிக்கலாம் என்றேன்.

வீட்டில் அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அந்த மண்ணும் போச்சா?" என்றார். போகவில்லை, பணமாகத் திருப்பிக் கேட்கிறோம், வர நாளாகும், வராமலும் போகலாம் என்றேன். பொய் சொல்லித் தேற்ற மனம் வரவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு, "அன்னைக்கு எனக்கும் இப்படி யாராச்சும் மனு எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பத்திரத்தை உறையில் போட்டு, நகைப்பெட்டி இருந்த இடத்தில் வைத்தார்.